இணை அச்சு லாரி: கடை அச்சை இணைக்கவும் விடுவிக்கவும் வழி

சுண்ணாம்புக் கல்லோ நிலக்கரியோ ஏற்றிக்கொண்டு சுரங்கத்தினின்று புறப்படும் பத்துச் சக்கர லாரி, போகும்போது பெரும்பாரத்துடன் செல்கிறது. வரும்போது வெறுமையாகத் திரும்புகிறது. ஒரே வாகனம் ஒரே நாளில் இருவகை வேலைகளைச் செய்கிறது எனலாம். பாரத்துடன் மண்மேட்டில் ஏறும்போது அதற்குப் பின்புறத்து இரண்டு அச்சுகளும் எட்டு டயர்களும் தேவை. அவ்விரண்டு அச்சுகளுக்கும் எஞ்சினின் சக்தி சென்று சேர்வதும் தேவை. வெறுமையாகத் தார்ச் சாலையில் திரும்பும்போது ஓர் அச்சே போதுமானது. மற்றோர் அச்சு அப்பொழுது டயரைத் தேய்த்தும், பற்சக்கரங்களால் எண்ணெயைக் கலக்கியும் டீசலை வீணாக்குகிறது.

வேண்டும்போது இணைக்கவும் வேண்டாதபோது விடுவிக்கவும் வழி செய்தால் இவ்வீண் செலவைத் தவிர்க்கலாம். கேட்பதற்கு இது மிக எளியதாகத் தோன்றும். இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தண்டைத் துண்டித்து, அவ்விடத்தில் ஒரு கிளட்சைப் பொருத்தினால் போதாதா என்று வினவத் தோன்றும். அவ்வாறு செய்யப்பட்ட லாரி சில வேளைகளில் இருந்த இடத்தை விட்டு நகரவே மாட்டாது! எவ்விடத்தில் துண்டிப்பது, எந்நிலையில் துண்டிப்பது, துண்டித்தபின் எஞ்சிய அச்சு முழுச் சக்தியையும் தாங்குமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பட்டறையில் வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

இரண்டு அச்சுகள் எதற்கு?

சாலைக்கு நேரும் சேதம், வாகனத்தின் மொத்த எடையைக் காட்டிலும், ஒவ்வோர் அச்சின்மீதும் இறங்கும் எடையையே பெரிதும் பொறுத்ததாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில், இல்லினாய்ஸ் மாநிலத்து ஒட்டாவா நகருக்கருகே 1958 முதல் 1960 வரை நடைபெற்ற பெருஞ்சோதனையில் இவ்வுண்மை தெளிவாயிற்று. தனித்தனித் தடங்களில் வெவ்வேறு பாரமேற்றிய லாரிகளை ஓயாது ஓட்டி, தளம் பழுதுறும் அளவை நிபுணர்கள் கணக்கிட்டனர். அச்சின்மீதுள்ள பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்பது அச்சோதனையின் முடிவு. பத்து டன் பாரமுள்ள அச்சொன்றினால் விளையும் சேதத்தை 1 என்று கொள்வோமாயின், இருபது டன்னை ஒரே அச்சின்மீது ஏற்றுவதால் விளையும் சேதம் 16. அதையே இரண்டு அச்சுகளுக்குப் பங்கிட்டால் விளைவது 2. இணை அச்சு முறை எங்கும் பரவியதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வடிப்படையிலேயே அமைந்துள்ளது. 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, நான்கு டயர்கள் கொண்ட தனி அச்சுக்குரிய பார வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இணை அச்சுக்குரிய வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்த்தப்பட்டன. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று.

பாரத்தைத் தாங்குவது ஒன்றே நோக்கமாயின், இரண்டாவது அச்சுக்கு எஞ்சினின் சக்தி செல்ல வேண்டுவதில்லை. நெடுஞ்சாலைச் சரக்கு லாரிகள் பலவற்றில் ஓர் அச்சு உந்த, மற்றது வெறுமனே உருண்டு செல்கிறது. ஆனால் சுரங்கத்திலும் அணைக்கட்டு வேலையிலும் நிலைமை வேறு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

மொத்தம் 28 டன் எடையுள்ள லாரி, எட்டடிக்கு ஓரடி உயரும் மண்மேட்டில் ஏற வேண்டும். ஏற்றத்தை வெல்ல ஏறத்தாழ 3,500 கிலோகிராம் விசை வேண்டும். மண்ணில் சக்கரம் உருளுவதற்கு ஒரு டன்னுக்கு 40 கிலோகிராம் விசை வேண்டுமெனக் கொண்டால், அதற்கு மேலும் 1,120 கிலோகிராம் ஆகும். ஆக மொத்தம் 4,620 கிலோகிராம். நனைந்த மண்ணில் டயரின் பிடிப்பு, அதன்மீதுள்ள பாரத்தில் பத்தில் மூன்று பங்கு எனலாம். பத்து டன் தாங்கும் ஓர் அச்சினால் 3,000 கிலோகிராம் விசையே தர இயலும்; லாரி வழுக்கி நின்றுவிடும். இரண்டு அச்சுகளும் சேர்ந்து உந்தினால் 6,000 கிலோகிராம் கிடைக்கும்; லாரி ஏறிவிடும். ஆகவே இத்தகைய இடங்களில் இரண்டு அச்சுகளும் உந்துவது இன்றியமையாததாகிறது.

இறுகப் பிணைத்தால் நேர்வது என்ன?

விளக்கத்தின் பொருட்டு, பின்புறத்து இரண்டு அச்சுகளுள் எஞ்சினுக்கு அண்மையிலுள்ளதை நடு அச்சு என்றும், இறுதியிலுள்ளதைக் கடை அச்சு என்றும் கூறுவோம். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழல்தண்டு நடு அச்சின் கூட்டினுள் நுழைந்து, ஒரு பகுதிச் சக்தியை அங்கே கொடுத்துவிட்டு, கூட்டின் மறுபுறமாக வெளியே வந்து, மற்றொரு குறுகிய சுழல்தண்டின் வழியாகக் கடை அச்சை அடைகிறது. இதுவே இன்று பெரும்பாலும் கையாளப்படும் அமைப்பு.

இவ்விரண்டு அச்சுகளையும் இடையில் நெகிழ்ச்சி ஏதுமின்றி இறுகப் பிணைத்தால் இரண்டும் எப்பொழுதும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். சாலையோ அவ்வாறு சுழல விடுவதில்லை. ஓர் அச்சின் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது மற்றதைவிடச் சற்று அதிக தூரம் உருளுகிறது. இதனினும் முக்கியமானது டயர்களின் அளவு வேறுபாடு. ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள லாரி டயர், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 303 முறை சுழலும். தேய்ந்த டயரின் விட்டம் நூற்றுக்கு ஒன்று, அதாவது சுமார் ஒரு சென்டிமீட்டர், குறைந்திருக்குமாயின், அது 306 முறை சுழல வேண்டும். சக்கரத்தில் மூன்று சுற்று வேறுபாடு; அச்சின் பல் விகிதம் ஆறுக்கு ஒன்றாயின் சுழல்தண்டில் பதினெட்டுச் சுற்று வேறுபாடு! எஃகுத் தண்டினால் பதினெட்டுச் சுற்று முறுக்கிக்கொள்ள முடியாது. எனவே டயர்கள் சாலையில் வழுக்கித் தேய வேண்டும். காய்ந்த தார்ச் சாலையில் டயர் எளிதில் வழுக்காதாகையால் தண்டும் பற்சக்கரங்களும் முறுக்கேறித் துன்புறும்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தில் புகுந்த எம்-35 என்னும் இரண்டரை டன் லாரியில், பின்புறத்து இரண்டு அச்சுகளும் இவ்வாறே இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. உள்வரும் தண்டு அச்சுக்கூட்டின் உச்சியில் நேராகப் புகுந்து மறுபுறம் வெளியேறும்படி அமைந்த எளிய, வலிய அமைப்பு அது. மண்ணிலும் சேற்றிலும் அது நன்றாக உழைத்தது. ஆயினும் அதன் டயர்கள் யாவும் ஒத்த அளவினவாக இருத்தல் வேண்டும் என்பது கண்டிப்பான விதியாக இருந்தது. இன்றும் பல நாடுகளில் தனிப்பட்ட காட்டு வாகனங்களை அமைப்போர் இவ்வச்சுகளை விரும்பி வாங்குகின்றனர். விதியை மறந்தோர் உடைந்த தண்டுகளால் அதை நினைவு கூர்கின்றனர்.

டிபரென்ஷியலின் உதவியும் குறையும்

இம்முறுக்கத்தைப் போக்குவதற்காக நடு அச்சின் கூட்டினுள், உள்வரும் தண்டின் தலைப்பில், ஒரு தனி டிபரென்ஷியல் அமைக்கப்படுகிறது. ஓர் அச்சின் இடப் புறச் சக்கரமும் வலப் புறச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் அதே பற்சக்கரத் தொகுதியே, இங்கு நடு அச்சும் கடை அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தருகிறது. இதற்கு இடை டிபரென்ஷியல் என்று பெயரிடலாம். முறுக்குவிசையை இரண்டு அச்சுகளுக்கும் சமமாகப் பங்கிடுவது இதன் இயல்பு.

இவ்வியல்பே இதன் குறையுமாகும். கடை அச்சின் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கி வீணே சுழலத் தொடங்கினால், அதற்குச் செல்லும் சிறு விசைக்குச் சமமான விசையே நடு அச்சுக்கும் கிட்டும், லாரி நின்றுவிடும். எனவே ஓட்டுநர் இடை டிபரென்ஷியலைப் பூட்டுவதற்கு ஒரு விசை வைக்கப்பட்டுள்ளது. பூட்டிய நிலையில் இரண்டு அச்சுகளும் இறுகப் பிணைந்தவையாகின்றன. சேறு கடந்ததும் பூட்டைத் திறந்துவிட வேண்டும். சக்கரம் வழுக்கிச் சுழலும்போதே பூட்ட முயல்வது பெருந் தவறு. பற்கள் மோதி உடையும். பூட்டாமலே நெடுநேரம் சுழல விடுவதும் தவறுதான். டிபரென்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் அளவு மீறிய வேகத்தில் சுழன்று, தம்மீதுள்ள எண்ணெயை வீசி எறிந்துவிட்டு, வெப்பத்தால் உருகிப் பற்றிக்கொள்ளும். இணை அச்சு லாரிகளில் நேரும் பெருஞ்செலவுப் பழுதுகளுள் இது ஒன்றாகும்.

எவ்விடத்தில் துண்டிப்பது?

இப்பொழுது முதல் வினாவுக்கு வருவோம். இடை டிபரென்ஷியல் உள்ள வாகனத்தில், அதற்குப் பின்னாலுள்ள குறுகிய சுழல்தண்டைக் கிளட்சு வைத்துத் துண்டித்தால் என்ன நேரும்? துண்டிக்கப்பட்ட முனைக்கு எதிர்ப்பு ஏதுமில்லை. டிபரென்ஷியல் சம விசையையே பங்கிடுமாகையால், நடு அச்சுக்கும் விசை கிட்டாது. எஞ்சின் உறுமும், கிளட்சின் முனை காற்றில் சுழலும், லாரி அசையாது. இறக்கத்தில் இது நேருமாயின், எஞ்சினின் தடுப்பு விசையும் இல்லாது போகும். சுழல்தண்டைப் பிடிக்கும் வகைக் கைப் பிரேக் உள்ள வாகனமாயின், நிறுத்தி வைத்த லாரியே உருளத் தொடங்கலாம். உயிரோடு விளையாடும் பிழை இது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, துண்டிக்கும் கிளட்சும் இடை டிபரென்ஷியலின் பூட்டும் சேர்ந்தே இயங்குமாறு பிணைப்பது. பூட்டு முழுமையாக விழுந்த பின்னரே கிளட்சு விடுபட வேண்டும். கிளட்சு மீண்டும் சேர்ந்த பின்னரே பூட்டு திறக்க வேண்டும். இரண்டாவது, இடை டிபரென்ஷியலை அறவே நீக்கிவிட்டு, அதனிடத்தில் ஒரு டாக் கிளட்சை வைப்பது. முதலாவது முறையில் உறுப்புகள் மிகுதி, இரண்டாவதில் குறைவு. ஆனால் இரண்டாவது முறையில், இணைத்த நிலையில் இரண்டு அச்சுகளும் இறுகப் பிணைந்திருக்கும். டயர்களின் அளவில் மிகுந்த கவனம் வேண்டும்.

சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இணை அச்சு அமைப்பு இரண்டாவது முறையைச் சார்ந்தது. அதில் நடு அச்சிலுள்ள இடை டிபரென்ஷியலுக்குப் பதிலாக டாக் கிளட்சு வைக்கப்பட்டது. வெறுமையாகச் செல்லும்போது ஓட்டுநர் கடை அச்சை விடுவித்து, அதைச் சாலையிலிருந்து 14 சென்டிமீட்டர் வரை தூக்கிவிடலாம். அவ்வாறு தூக்கி ஓட்டுவதால் எரிபொருளில் நூற்றுக்கு நான்கு வரை மிச்சமாகும் என்றும், லாரி திரும்புவதற்கு வேண்டிய வட்டத்தின் ஆரம் ஒரு மீட்டர் குறையும் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது.

துண்டிப்பதோடு தூக்குவதும் ஏன் தேவை என்பதை இங்கு நோக்குதல் வேண்டும். சக்கரங்கள் சாலையில் உருண்டுகொண்டிருக்குமாயின், அவை கிரௌன் சக்கரத்தைச் சுழற்றும்; அது பினியனையும் குறுகிய தண்டையும் பின்னிருந்து சுழற்றும். எஞ்சின் விடுபட்டது போலத் தோன்றினும் எண்ணெய் கலக்கும் வேலை முன்போலவே நடைபெறும். டயர் தேய்மானமும் குறையாது. சக்கரங்கள் தரையை விட்டு எழுந்த பின்னரே அச்சு முழுவதும் ஓய்வு பெறுகிறது. தூக்க இயலாத வாகனத்தில், சக்கரக் குடத்திலோ அச்சின் பக்கத் தண்டுகளிலோ மேலும் ஒரு துண்டிப்பு வேண்டும். ஒரு முனையில் மட்டும் துண்டிப்பது பாதி வேலையே.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

தனித்தேவைக்காக இத்தகைய அமைப்பை உருவாக்குவோர் முதலில் சுழற்சித் திசையைச் சரிபார்த்தல் வேண்டும். நடு அச்சில் சக்தி பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓர் இணைப் பற்சக்கரத்தின் வழியே பினியனுக்கு இறங்குகிறது. ஒரு பற்சக்கரம் மற்றொன்றைச் சுழற்றும்போது திசை மாறும். ஆகையால் நடு அச்சின் கிரௌன் சக்கரம் கடை அச்சில் உள்ளதற்கு எதிர்ப்புறத்தில் அமைய வேண்டும். சாதாரண அச்சுகள் இரண்டை வாங்கி, ஒன்றன் பினியன்மீது இணைப் பற்சக்கரம் பூட்டி விடுவோர் இதை மறந்தால், ஓர் அச்சு முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் இழுக்கும்.

அடுத்தது பல் விகிதம். 37 பல்லும் 6 பல்லும் கொண்ட இணையின் விகிதம் 6.17, 43 பல்லும் 7 பல்லும் கொண்டதன் விகிதம் 6.14. பார்வைக்கு ஒன்றே போலத் தோன்றும் இவ்விரண்டையும் ஒரே வாகனத்தில் கலந்தால், புது டயர்களுடனும் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவான ஓயாத வேறுபாடு இருந்துகொண்டேயிருக்கும். பற்களை எண்ணிப் பார்த்த பின்னரே அச்சுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, எஞ்சிய அச்சின் வலிமை. எஞ்சின் 80 கிலோகிராம்-மீட்டர் முறுக்குவிசை தருவதாகவும், முதற் கியரின் விகிதம் 9 எனவும் கொள்வோம். சுழல்தண்டில் 720 கிலோகிராம்-மீட்டர் வரும். இரண்டு அச்சுகளும் இணைந்திருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பாதியாகிய 360 மட்டுமே செல்லும். கடை அச்சை விடுவித்தால் முழு 720ம் நடு அச்சின் பினியன்மீது பாயும். பாதிக்கெனச் செய்யப்பட்ட பினியன் முழுமையைத் தாங்காது. ஆகவே நடு அச்சு முழு விசையையும் தாங்கும் வகையினதாக இருத்தல் வேண்டும். அன்றேல், விடுவித்த நிலையில் கீழ்க் கியர்கள் விழாதபடி தடை செய்தல் வேண்டும்.

நான்காவதாக, குறுகிய சுழல்தண்டின் கோணம். இரண்டு அச்சுக்கூடுகளுக்கு இடையே கிடைக்கும் இடம் சிறியது. தண்டின் நீளம் அரை மீட்டராயின், ஓர் அச்சு 10 சென்டிமீட்டர் உயர்ந்தாலே கோணம் பதினொன்றரைப் பாகையாகிறது. இணைந்து சுழலும் தண்டின் இரு முனை யூனிவர்ஸல் ஜாயிண்டுகளும் சம கோணத்தில் இருந்தால்தான் வேகம் சீராகும். அச்சைத் தூக்கும்போது கோணம் மேலும் மிகும். எனினும் அப்பொழுது தண்டு சுழலாமல் நிற்பதால் தீங்கில்லை. ஜாயிண்டு முட்டிக்கொள்ளாமலும், தண்டின் நழுவு மூட்டு கழன்றுவிடாமலும் இருந்தால் போதும். அச்சு முழுவதும் இறங்கிய பின்னன்றி கிளட்சு சேராதபடி ஒரு தடை அமைப்பதும் இக்காரணத்தினாலேயே தேவையாகிறது.

ஐந்தாவதாக, சேர்க்கும் ஒழுங்கு. டாக் கிளட்சின் பற்கள் ஒன்றனுள் ஒன்று பொருந்துவதற்கு இரு புறமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழல வேண்டும். ஆகவே முதலில் அச்சை இறக்க வேண்டும்; டயர்கள் சாலையைத் தொட்டு வாகனத்தின் வேகத்தைப் பெற்ற பின்னர், கிளட்சை நெருக்க வேண்டும். நின்ற நிலையிலோ மிக மெதுவாகச் செல்லும்போதோ இதைச் செய்வதே சாலச் சிறந்தது. கிளட்சைச் சேர்ப்பது ஸ்பிரிங்கின் வேலையாகவும், விடுவிப்பது அழுத்தக் காற்றின் வேலையாகவும் இருத்தல் வேண்டும். அச்சைத் தூக்குவதும் காற்றாகவே இருக்கட்டும். குழாய் வெடித்துக் காற்று வெளியேறினால், அச்சு தானே இறங்கும். கிளட்சு தானே சேரும். வாகனம் தன் முழு வலிமையுள்ள நிலைக்குத் திரும்பும். ஓட்டுநர் முன்னுள்ள விளக்கு, கிளட்சின் பற்கள் உண்மையிலேயே பொருந்தியதைக் காட்ட வேண்டும். விசை அழுத்தப்பட்டதை மட்டும் காட்டும் விளக்கினால் பயனில்லை.

சட்டமும் பொறுப்பும்

பாரத்துடன் செல்லும்போது கடை அச்சைத் தூக்கி ஓட்டும் ஆசை சிலருக்கு எழலாம். டயர் மிச்சம் என்று எண்ணுவர். அவ்வாறு செய்தால் இருபது டன்னுக்கு மேற்பட்ட பாரம் ஒரே அச்சின்மீது இறங்கும். சாலைச் சேதம் முன் கூறிய கணக்கின்படி பன்மடங்காகும். நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் வேலையற்றுப் போவதால் வாகனம் நிற்கும் தூரமும் நீளும். எனவே, வரம்பு மீறிய பாரம் இருக்கும் வரையில் அச்சு எழாதபடி, பாரத்தை உணரும் கருவி ஒன்றைச் சேர்த்தே அமைக்க வேண்டும்.

பதிவு செய்யப்பட்ட வாகனத்தை, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடும்படி மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் லாரியில் உரிய அனுமதியின்றி இவ்வேலையைச் செய்தல் கூடாது. துளையிடும் யந்திரங்களைத் தாங்கும் வாகனங்கள், தோட்டங்களிலும் சுரங்க எல்லைக்குள்ளும் மட்டும் உழைக்கும் வாகனங்கள், புதிதாக வடிவமைக்கப்படும் தனிவகை வாகனங்கள் ஆகியவற்றை அமைப்போருக்கே இவ்விளக்கம் பெரிதும் பயன்படும்.

இரண்டு அச்சுகளை ஒன்றாகப் பிணைத்து உந்தச் செய்யும் வித்தையை யந்திர வல்லுநர்கள் பல்லாண்டுகளுக்கு முன்னரே கற்றுக்கொண்டனர். பிணைத்ததைத் தீங்கின்றி விடுவிக்கும் வித்தை அதைவிட நுட்பமானது. திட்டப் படத்தில் முதற் கோடு இழுக்கும்போதே விடுவிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் பட்டறை, பின்னர் உடைந்த பற்சக்கரங்களை எண்ணிக்கொண்டிருக்க நேராது. மேட்டில் எட்டுச் சக்கரங்களாலும் உந்திச் சென்று, வெறுமையாகத் திரும்பும்போது கடை அச்சுக்கு ஓய்வளிக்கும் லாரி, ஓட்டுபவரின் டீசலையும் நாட்டின் சாலையையும் ஒருங்கே காக்கும்.